சுண்டுவுக்கு நாலு முட்டை

ஐம்பது வயதில் ஒரு மனிதர் எதற்காக நாய் வளர்க்க ஆசைப்படுவார்? அன்புக்காக, துணைக்காக, காவலுக்காக என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் நல்லவர்கள். என் அப்பா ராஜகோபால் நாய் வளர்த்தது ஆம்லெட்டுக்காக.

அப்பா மத்திய அரசு ஊழியர். இருபது வருஷமாக அவர் ஆபீஸின் பின்பக்கம் ஒரு பிரெட் ஆம்லெட் வண்டி நின்றது. பதினோரு மணி டீக்குப் போனால் அப்பா அந்த வண்டியைப் பிரதட்சிணம் செய்யாமல் திரும்ப மாட்டார். போன வருஷம் ஆபீஸ் புதுக் கட்டடத்துக்கு மாறியது. கண்ணாடி, புல்வெளி, ஏழு அடுக்குக் காவல். ஃபைல்கள் வந்தன, நாற்காலிகள் வந்தன, முப்பது வருஷமாகத் தூசி தட்டாத ஒரு அலமாரிகூட வந்தது. வண்டி மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து அப்பா பதினோரு மணி ஆனால் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பாராம்.

வீட்டில் சாப்பிடலாமே என்கிறீர்களா? டெல்லி துவாரகாவில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி எங்கள் வீடு. அங்கே முட்டை என்ற சொல்லே கோஸுக்கு முன்னால்தான் வரும். அதிலும் அம்மா முன்பாதியை விழுங்கிவிட்டு வெறும் 'கோஸ்' என்பாள். அம்மாவின் பெயர் பட்டு. பெயர்தான் பட்டு; ஆள் கஞ்சி போட்ட காட்டன். பிறந்த ஊர் தஞ்சாவூர். ஸ்கூலில் கணக்கு டீச்சர்.

நான் மேதா, பதினொன்றாம் வகுப்பு. படிப்பு சுமார். குரல் மட்டும் எந்தக் குரலுக்கும் வளையும். மெட்ரோ அறிவிப்பு, காலையில் வரும் குப்பை வண்டி, எங்கள் பிரின்ஸிபால், மாமா வீட்டு மிக்ஸி எல்லோரும் என் தொண்டையில் குடியிருக்கிறார்கள். வாடகை தருவதில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர் நேகி, தன் வீட்டு க்ரேட் டேன் நாய் குட்டி போட்டிருப்பதாகச் சொன்னார். "எங்க நாய் முட்டைன்னா உயிரை விடும்" என்றும் சொன்னார். அப்பா தயிர் சாதத்தை அப்படியே மூடி வைத்தார். பெரிய தீர்மானங்கள் எல்லாம் பாதிச் சாப்பாட்டில்தான் பிறக்கின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிகாய் வாங்கப் போனவர் பையோடு திரும்பினார். பை குரைத்தது.

"என்னது இது?" என்றாள் அம்மா.

"நாய்க்குட்டி, பட்டு."

"அது தெரியறது. முருங்கைக்காய் எங்க?"

"கெடைக்கலை."

"அதுக்குப் பதிலா இதைக் குடுத்தானா?"

"நேகி குடுத்தான். சும்மா. எப்படி இருக்கான் பாரு."

"எவ்வளவு பெருசா வளரும்?"

"இவனா? சுண்டைக்காய் மாதிரி இருக்கான். என்னத்தைப் பெருசா வளர்ந்துடப் போறான்!"

சுண்டைக்காய் பையிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து அம்மாவின் பாதத்தின் மேல் வைத்தது. ஆப்பக்கரண்டி அளவு கால். அம்மா அந்தக் காலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"காலு சுண்டைக்காய் மாதிரி இல்லையேன்னா."

"காலு மட்டும் அவாத்துல பரம்பரையா பெருசு."

"இதோ பாருங்கோ. குளிப்பாட்டறது, சோறு போடறது, வெளியில கூட்டிண்டு போறது, எல்லாம் நீங்க. நான் ஒரு துரும்பை நகர்த்த மாட்டேன்."

"நகர்த்த வேண்டாம். நீ பார்த்துண்டிருந்தா போறும்."

கால் மணி நேரம் கழித்து அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. புடவை தானாக நகர்ந்து வந்திருக்க வேண்டும். பெயர் சுண்டு என்று நிலைத்தது.

மறுநாள் அம்மா ஸ்கூலில் இருந்த நேரத்தில் அப்பாவும் நானும் சுண்டுவை டாக்டர் கில்லிடம் தூக்கிக்கொண்டு போனோம். நாய் டாக்டர், பஞ்சாபி அம்மாள். குரல் இருக்கிறதே, ஒரு சாக்கு ஜல்லியைத் தரையில் இழுத்த மாதிரி கரகரவென்று இருக்கும். எந்த வாக்கியத்தையும் 'தேக்கோ ஜி', அதாவது 'இதோ பாருங்க', என்றுதான் தொடங்குவார். அந்தக் குரல் காதில் விழுந்த நிமிஷமே என் தொண்டை அதற்கு ஒரு அறை ஒதுக்கிவிட்டது. (டாக்டர் பேசுவது ஹிந்தி. உங்கள் வசதிக்காக நானே தமிழ் டப்பிங்.)

"தேக்கோ ஜி, இது பெரிய ஜாதிக் குட்டி. பெரிய ஜாதி அவசரமா வளரக் கூடாது. எடை முன்னால ஓடி எலும்பு பின்தங்கினா மூட்டு போயிடும். பெரிய ஜாதிக் குட்டிக்குன்னு தனித் தீனி இருக்கு, அதை அளந்து போடுங்க. குண்டாக்காதீங்க. கால்சியம் பொடி, டானிக்னு சொந்த வைத்தியம் பண்ணாதீங்க. வழுக்குற தரையில ஓட விடாதீங்க. மாடிப்படி கூடவே கூடாது. தூக்கிட்டு ஏறுங்க, தூக்கிட்டு இறங்குங்க."

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதுவும் காதில் ஏறவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப சாதாரணமாக, "முட்டை, டாக்டர்ஜி?" என்றார்.

"எப்பவாவது ஒண்ணு, அவிச்சுக் கொடுக்கலாம். கொடுக்கலேன்னாலும் பரவாயில்ல."

வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியா? டாக்டர் முட்டை குடுக்கச் சொல்லிட்டா!"

"எப்பவாவது ஒண்ணுன்னா, அப்பா."

"கொள்கை அளவுல சம்மதிச்சுட்டா இல்லையா? எண்ணிக்கையெல்லாம் நடைமுறை விஷயம்."

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது நடைமுறை விஷயம் நாலாகி இருந்தது.

"தினம் நாலா?" அம்மாவின் கரண்டி ரசத்துக்குள் நின்றது. "நம்மாத்துலயா? முட்டையா?"

"எனக்கு மட்டும் ஆசையா, பட்டு? நெனைச்சாலே கொமட்டறது. ஆனா டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டா. வாயில்லா ஜீவன். நம்ம ஆசாரத்துக்காக அது கால் வளைஞ்சு நிக்கணுமா?"

"டாக்டர் நம்பரைக் குடுங்கோ. நானே கேட்கறேன்."

அப்பாவின் முகத்தில் ரசம் வடிந்த மாதிரி இருந்தது. ஆனால் அரசு ஊழியர் அல்லவா, சமாளித்தார். "தாராளமா கேளு. இப்ப பேஷன்ட் இருப்பா. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்ணு" என்று சொல்லி, உபயோகமில்லாமல் கிடந்த பழைய சிம்மின் நம்பரை எழுதிக் கொடுத்தார். அடுத்த நிமிஷம் அந்தச் சிம் போட்ட பழைய போனும், நானும், அப்பாவும் குளியலறையில் இருந்தோம்.

"மேதா, கண்ணா, அந்தக் குரல் வருமோ?"

"தேக்கோ ஜி" என்றேன்.

அப்பா பயந்து ஒரு அடி பின்னால் போனார். பிறகு கண் கலங்கினார். "தெய்வமே! நாலுல ஒண்ணு உனக்கு."

"ரெண்டு."

"ஒண்ணு. உன் பிஸிக்ஸ் மார்க்கை அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்பா வெளியே போய் ஒன்றும் தெரியாதவர் போல சோஃபாவில் உட்கார்ந்தார். போன் அடித்தது.

"நமஸ்தே டாக்டர்ஜி. நான் சுண்டுவோட அம்மா பேசறேன்."

துரும்பை நகர்த்த மாட்டேன் என்றவள் ஒரே நாளில் அம்மாவாகிவிட்டாள். எனக்குப் புதுத் தம்பி. சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஜல்லியை இழுத்தேன்.

"தேக்கோ ஜி, சொல்லுங்க."

"தினம் நாலு முட்டை அவசியமா? நாங்க சுத்த சைவம். பன்னீர் குடுத்தா போறாதா?"

"தேக்கோ ஜி, இது என்ன, தெருவுல ஓடுற நாயா? க்ரேட் டேன். கன்னுக்குட்டி மாதிரி வளரும். பன்னீரைக் கொடுத்தா கன்னுக்குட்டியே ஆயிடும்."

"பருப்பு?"

"வாயு."

"அச்சா. ஏதோ தண்ணி சொட்டற சத்தம் கேக்கறதே, டாக்டர்ஜி?"

குழாய்! எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் நான் பிறப்பதற்கு முன்பிருந்து ஒழுகுகிறது.

"அது... தேக்கோ ஜி... மீன் தொட்டி. இங்கே மீனுக்கும் வைத்தியம் பார்க்கிறோம்."

"அடப் பாவமே. மீனுக்கு என்ன வியாதி?"

"ஜலதோஷம்."

"தண்ணியிலயே இருந்தா வராதா பின்ன?" என்றாள் அம்மா. "சரி டாக்டர்ஜி. பெரியவா சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான்."

இப்படியாக எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்தது. வீட்டுக்குள் என்றால் பால்கனிக்குள். சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. பால்கனியில் ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு தனிப் பாத்திரம், ஒரு தனிக் கரண்டி. தொட்டவர் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். டெல்லி ஜனவரியில். எதிர் வீடு தெரியாத மூடுபனியில் அப்பா மங்க்கி கேப்பும் ஸ்வெட்டருமாக, யாகம் வளர்க்கிற ரிஷி மாதிரி, கொதிக்கிற நாலு முட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். சுண்டுவின் அளந்த தீனி அவன் தட்டில் இருக்கும். எப்போதாவது அரை முட்டை அவனுக்கு. மீதி மூன்றரையை அப்பாவும் நானும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முழுங்குவோம். பிறகு அப்பா பல் கிட்டக் குளிக்கப் போவார். "கங்கா ஸ்நானம் கூட இவ்வளவு புண்ணியமில்லைடி" என்பார் நடுங்கிக்கொண்டே.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவித்த முட்டை என்பது அப்பாவுக்கு ஆம்லெட்டின் போட்டோ மாதிரி. பார்க்கலாம், கட்டிக்கொள்ள முடியாது.

"மேதா, டாக்டர் இன்னொரு தடவை பேசணும்."

"என்ன சொல்லணும்?"

"அவிச்சது ஜீரணமாகலை, ஆம்லெட்டா குடுங்கோன்னு. வெங்காயம் பொடியா நறுக்கி. ரெண்டு பச்சை மிளகாய். கொத்தமல்லி மறந்துடாதே."

"நாய்க்குக் கொத்தமல்லியா?"

"மணமா இருக்க வேண்டாமா?"

டாக்டர் கில் குளியலறையிலிருந்து பேசினார். இந்தத் தடவை குழாய்க்கு வாயில் துணி கட்டியிருந்தோம். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"வெங்காயம் போடலாமா டாக்டர்ஜி? நிச்சயமா?"

"தேக்கோ ஜி, தாராளமா. எலும்புக்கு நல்லது."

"பச்சை மிளகாயும்?"

"ரெண்டு."

"கொத்தமல்லி தூவியா, அரைச்சா?"

"தூவி."

"அச்சா" என்றாள் அம்மா. அந்த 'அச்சா'வில் ஒரு சின்ன மூச்சு இருந்தது. டீச்சர்கள் விடைத்தாளில் சிவப்புப் பேனாவை வைப்பதற்கு முன்னால் விடுகிற மூச்சு. நான் கவனித்தேன். ஆனால் அப்போது என் மனதில் ஆம்லெட் இருந்தது.

பிறகு ஒரு நாள் சுண்டுவுக்கு அடுத்த தடுப்பூசி. அப்பாவுக்கு ஆபீஸில் பெரிய மீட்டிங், லீவு கிடையாது. "நான் அழைச்சுண்டு போறேன். எனக்கு இன்னிக்கு மத்தியானம் ஃப்ரீ" என்றாள் அம்மா. நிஜ டாக்டர் கில்லிடம்! அப்பா மீட்டிங்கிலிருந்து எனக்கு மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பினார். 'வந்துட்டாளா?' 'முகம் எப்படி இருக்கு?' 'நான் இன்னிக்கு ஆபீஸ்லயே தங்கிடட்டுமா?'

அம்மா வந்தாள். முகம் சாதாரணமாக இருந்தது. சாயங்காலம் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னா, பட்டு?"

"நன்னா வளர்றான்னு சொன்னா."

"அவ்வளவுதானா?"

"நல்லவாளா இருக்கா. ரொம்ப நேரம் பேசிண்டிருந்தோம். காபி சாப்பிடறேளா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். முட்டைப் பேச்சே வரவில்லை போலிருக்கிறது! "தெய்வம் நம்ம பக்கம்டி" என்று என் காதில் சொன்னார். தெய்வம் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம்தான் அம்மாவுக்குச் சந்தேகங்கள் வர ஆரம்பித்தன. கணக்கு டீச்சருக்குச் சந்தேகம் வந்தால் தீரவே தீராது. சாயங்காலம் காபி ஆனதும் போனை ஸ்பீக்கரில் போட்டு டீபாய் மேல் வைப்பாள். "டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்கணும்." உடனே நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடுவேன்.

"பாவம், டாக்டர் பேரைச் சொன்னாலே இவளுக்கு வயத்தைக் கலக்கறது" என்பாள் அம்மா.

முதல் நாள் சந்தேகம் நடையைப் பற்றி.

"டாக்டர்ஜி, பெரிய ஜாதிக் குட்டியை ஒரேயடியா ரொம்ப தூரம் நடத்தக் கூடாது, சின்னச் சின்னதா நாலஞ்சு தடவை அழைச்சுண்டு போகணும்னு படிச்சேன். சரிதானே?"

"தேக்கோ ஜி, சரிதான்." இது நிஜம்தானே, நானும் படித்திருந்தேன்.

"மாடிப்படி கூடாது. அப்ப ஒவ்வொரு தடவையும் அவர்தான் மூணு மாடி தூக்கிண்டு ஏறி இறங்கணும்?"

ஹாலில் அப்பா சோஃபாவிலிருந்து கை இரண்டையும் ஆட்டுவதை என்னால் கதவைத் தாண்டி உணர முடிந்தது. "தேக்கோ ஜி... அவ்வளவு அவசியமில்ல, ஒரு தடவை போனா..."

"அப்படியா? அவ்வளவு நடக்காத குட்டிக்கு நாலு முட்டை ஜாஸ்தி இல்லையோ? முட்டையை நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தாதீங்க! தூக்கட்டும்! நாலு தடவையும் தூக்கட்டும்!"

அவ்வளவுதான். சூத்திரம் அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. டைல்ஸ் தரை வழுக்குகிறது, குட்டிக்கு மூட்டு கெடும், அவர் ரூம் கார்ப்பெட்டை ஹாலுக்கு மாற்றலாமா? இல்லையென்றால் முட்டையை நிறுத்திடட்டுமா? மாற்றலாம் ஜி. டிவியில் ராத்திரி பத்துப் பேர் உட்கார்ந்து கத்துகிறார்களே, இவர் அதைத்தான் பார்ப்பார், குட்டி மிரளுகிறது. அணைத்துவிடுங்க ஜி. அவர் குறட்டை? டாக்டர் கில் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தார். முட்டை கண்ணில் தெரிந்தது. அப்பாவின் படுக்கை ஹால் திவானுக்கு மாறியது.

ஒரு மாதத்தில் எங்கள் வீட்டின் உண்மையான தலைவர் குளியலறையிலிருந்து பேசுகிற ஒரு பஞ்சாபி அம்மாளாகிவிட்டார்.

அப்பா என்னை பால்கனியில் மடக்கினார். "ஏண்டி எல்லாத்துக்கும் சரி சரிங்கறே? நீ டாக்டரா, கம்பவுண்டரா? கொஞ்சம் தைரியமா பேசப்படாதா?"

"அம்மா முட்டையை நிறுத்திடட்டுமான்னு கேக்கறாளே!"

"அதுக்காக? குறட்டையைக் கூடவா விட்டுக் குடுப்பே?"

"அப்ப நெஜத்தைச் சொல்லிடலாமா?"

அப்பா வாணலியைப் பார்த்தார். வெங்காயம் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. "அவசரப்பட வேண்டாம்" என்றார்.

இதற்கிடையில் சுண்டு, நேகி வீட்டு வம்சத்தின் மானத்தைக் காப்பாற்றினான். வாரா வாரம் வளர்ந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு அப்பா படியிறங்கும்போது, யார் யாரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கீழ் வீட்டுக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நீளக் கால் நாலும் நாலு திசையில் தொங்கும். சுண்டு ஒவ்வொரு மாடியிலும் அப்பாவின் மூக்குக் கண்ணாடியை நக்கித் துடைத்துவிடுவான். "டேய், வழி தெரியலைடா" என்று திட்டுவார். திட்டுகிற குரலைக் கேட்டால் தாலாட்டு மாதிரி இருக்கும். பெல்ட்டில் அப்பா புதுசாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். ஆபீஸில் எல்லோரும் எந்த ஜிம் என்று கேட்டார்களாம். சாயங்காலம் அவர் ஸ்கூட்டர் சத்தம் தெரு முனையில் கேட்டால் சுண்டு வாசலுக்கு ஓடுவான். அவன் வால் அடித்து இதுவரை விழுந்தவை இரண்டு டம்ளர், ஒரு பூ ஜாடி, அம்மாவின் விடைத்தாள் கட்டு ஒன்று. அம்மா விடைத்தாளைப் பொறுக்கிக்கொண்டே, "உங்கப்பாவைக் கண்டா உனக்கு என்னடா அப்படி ஒரு ஆனந்தம்? எனக்குத் தெரியாம எதைப் பார்த்தே அவர்கிட்ட?" என்பாள்.

டாக்டர் கடைசியாக அப்பாவுக்கு ஒரே ஒரு சலுகை வாங்கிக் கொடுத்தார். காலை நடையின்போது குட்டிக்குப் பசிக்கும், அதனால் ஆம்லெட்டை டப்பாவில் வைத்துப் பார்க்குக்கு எடுத்துப் போகலாம். வேண்டுமானால் இரண்டு பிரெட்டுக்கு நடுவில் வைத்து. அம்மா உடனே சம்மதித்தாள். "நாய்க்கு பிரெட்டும் வேணுமா? பேஷா."

அப்பாவின் வாழ்க்கையில் மறுபடி பிரெட் ஆம்லெட்.

போன சனிக்கிழமை. அம்மாவுக்கு ஸ்கூல் லீவு, வீட்டில் இருந்தாள். நாங்கள் மூன்று பேரும், அப்பா, நான், சுண்டு, பார்க் பெஞ்சில். மூடுபனி விலகி இளவெயில். சுண்டு தன் தட்டில் இருந்த தீனியை முடித்துவிட்டு அப்பாவின் ஷூ மேல் தலை வைத்துப் படுத்திருந்தான். அப்பா டப்பாவைத் திறந்தார். ஆவி வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"மேதா, திவான்ல படுத்தாலும் பரவாயில்லைடி. மனுஷனுக்கு என்ன வேணும்? தலைக்கு மேல வெயில். கால் மேல நாய். கையில இது."

முதல் வாய் கடித்தார். நானும் ஒரு பெரிய துண்டை அடைத்துக்கொண்டேன். போன் அடித்தது. புது நம்பர்.

"ஹலோ?"

"தேக்கோ ஜி!"

சாக்கு ஜல்லி. அப்பா சட்டென்று என் வாயைப் பார்த்தார். என் வாய் நிறைய ஆம்லெட். நான் இல்லை என்று தலையாட்டினேன். அப்பா மெதுவாக எழுந்து நின்றார். மேலதிகாரி வந்தால் நிற்கிற நிலை. ஸ்பீக்கரில் போட்டார்.

"டாக்டர் கில் பேசறேன். உங்க வீட்டம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. நான் நாய்க்கு வெங்காய ஆம்லெட் எழுதிக் கொடுத்தேனாமே?"

"அது வந்து... மேடம்..."

"வெங்காயம் நாய்க்கு விஷம்! தெரியுமா, தெரியாதா? ரத்தமே கெட்டுப் போகும். எத்தனை நாளா சாப்பிடறான்? எவ்வளவு?"

விஷமா? 'எலும்புக்கு நல்லது' என்று நான்தானே சொன்னேன்! அப்பாவின் கையிலிருந்து பிரெட் நழுவியது. சுண்டு ஆவலாகத் தலையைத் தூக்கினான். அப்பா அப்படியே புல்லில் விழுந்து, அந்தத் துண்டை அவன் மூக்குக்கு முன்னாலிருந்து பிடுங்கி, தூரத்திலிருந்த குப்பைத் தொட்டியில் எறிந்தார். மீதி இருந்த டப்பாவையும் எடுத்து எறிந்தார். இத்தனை நாள் திவானில் படுத்துச் சம்பாதித்த ஆம்லெட்! பிறகு மண்டியிட்டு சுண்டுவின் வாயைத் திறந்து ஈறுகளைப் பார்த்தார். சுண்டு கண்ணாடியை நக்கினான்.

"உடனே தூக்கிட்டு வாங்க. ஊசி போடணும். ட்ரிப்ஸ் ஏத்தணும். ரத்தமே மாத்த வேண்டி வரலாம்."

"வேண்டாம் மேடம்! ஊசி போட்டுடாதீங்கோ, பச்சைக் குழந்தை! அவன் திங்கலை! சத்தியமா ஒரு துண்டு கூடத் திங்கலை!"

"அப்ப தினம் நாலு முட்டை எங்கே போச்சு?"

அப்பா ஒரு தடவை சுண்டுவைப் பார்த்தார். ஒரு தடவை வானத்தைப் பார்த்தார்.

"நான்தான் தின்னேன்! எல்லாம் நான்தான்! ஒண்ணு எம் பொண்ணு!"

"அப்பா!" என்றேன்.

"என்னை மாதிரியே போன்ல பேசினது யாரு?"

"அதுவும் எம் பொண்ணுதான்!"

மனிதர் ஒரு நாய்க்காகப் பெற்ற மகளைக் காட்டிக் கொடுக்கிறார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதால் நான் மன்னித்தேன்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. ஒரு துணுக்காவது கீழே சிந்தி, அவன் நக்கியிருப்பானா?"

"ஆம்லெட்டை நான் கீழ சிந்துவேனா, மேடம்?" அப்பாவின் குரல் உடைந்தது. "இருபது வருஷமா ஒரு பருக்கை சிந்தினதில்லை. நம்புங்கோ. வேணும்னா அந்த ஊசியை எனக்குப் போடுங்கோ."

அப்பா சுண்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தார். நானும் இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டேன்.

மறுபடி அதே ஜல்லி. அதே கரகரப்பு. ஆனால் இந்தத் தடவை என் டப்பிங்குக்கு வேலை இருக்கவில்லை. பஞ்சாபி டாக்டர் அம்மாள் சுத்தமான தஞ்சாவூர்த் தமிழில் பேசினார்:

"தேக்கோ ஜி... ஏன்னா, வரச்சே வெங்காயம் ஒரு கிலோ வாங்கிண்டு வாங்கோ. சுண்டு தின்னு தின்னு ஆத்துல எல்லாம் தீர்ந்துடுத்து."